உள் சுவர்தானே என்று சொல்கிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு வந்து மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

நம்ம கோவில் மண்டபத்து நடுச்சுவரையும் அதில் தொங்குற சிலைடிங் கதவையும் பத்தி ரெண்டு வாரமா வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஓடுது. "ரெயிலை மாத்தினா முடிஞ்சது." "கதவுதானே, சிஞ்சாய் லா." "உள் சுவர்தானே அண்ணே, கோபுரமா கட்டப் போறோம்?" இப்படியே போகுது. குரூப்பில் பதில் எழுதினா அடுத்த நிமிஷமே காலை வணக்கம் படம் பத்து வந்து அதை அமுக்கிடுது. அதனால இங்க எழுதுறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரப்போறவங்க படிச்சுட்டு வரணும்.

நான் கேட்கிறது இதுதான். ரெயிலை மட்டும் மாத்தக் கூடாது. கதவு இருக்கிற பகுதியில் சுவரைப் பிரிக்கணும், உள்ளே இருக்கிற சட்டத்தை முதல்லேர்ந்து ஒழுங்கா அடிக்கணும், போர்டு போட்டு மூடுறதுக்கு முன்னால நாம கண்ணால பார்க்கணும். அதுக்கு அப்புறம்தான் கதவு.

சுங்கை பினாங் பக்கம் வராத அன்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்க மண்டபம் ஒரே நீள ஹால். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அதை நடுவுல பிரிச்சு, ஒரு பக்கம் அன்னதானம், இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்கு சமய வகுப்பு, வயசானவங்க வெயில் நேரத்தில் உட்கார இடம் என்று ஏற்பாடு ஆனது. சுவர் செங்கல் இல்லை. தகடு மாதிரி இரும்பு ஸ்டட் நிறுத்தி, ரெண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு அடிச்சது. கதவு சுவருக்கு உள்ளே போகாது, வெளிப்பக்கமா சுவரை ஒட்டியே ஓடும். மேல ரெயில், ரெயிலில் ரோலர், ரோலரில் கதவு தொங்குது. கதவு 3 அடிக்கு 7 அடி, 10 மில்லிமீட்டர் கண்ணாடி. ஒரு குடும்பத்தோட உபயம், பேர் பொறிச்சிருக்கு.

அந்தக் கதவு எவ்வளவு எடை என்று யாராவது கணக்குப் பார்த்தீங்களா? கண்ணாடி 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. நம்ம கதவு கிட்டத்தட்ட 49 கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டை அஞ்சை ஒரு கம்பியில் கட்டி, அன்னதானத்துக்கு வரிசையில நிக்கிற ஜனங்க தலைக்குப் பக்கத்தில் தொங்க விட்ட கணக்கு. அதுவும் சும்மா தொங்கலை. வெள்ளிக்கிழமையில் பிள்ளைங்க அதை நூறு தடவை இழுத்து, கடைசி வரைக்கும் ஓட விட்டு டொம்முனு முட்ட வைப்பாங்க.

போன ஆடி மாசம் நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். ரோலர் ரெயிலை விட்டு எகிறிச்சு. பக்கத்தில் சாப்பாடு பரிமாறிட்டு இருந்த ரெண்டு தம்பிங்க கதவைப் பிடிச்சாங்க. முழுசா விழலை. ஆனா கீழ் முனை இறங்கி, வாக்கர் பிடிச்சு நடந்து வந்த ஒரு அம்மா கால் மேல பட்டுது. வயசு 74. கால் விரலில் நாலு தையல். சர்க்கரை நோய் உள்ளவங்க காலில் தையல் என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் சர்க்கரை இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புண் ஆற மூணு மாசம் ஆச்சு. "தெய்வாதீனமா தப்பிச்சோம்" என்று அன்னைக்கு எல்லாரும் சொன்னாங்க. சரி, அம்மாள்தான் பிடிச்சாள். ரெண்டாவது தடவையும் பிடிக்கிறாளா பார்ப்போம் என்று அவளையே சோதிக்கிறது எந்த ஊர் பக்தி?

கதவைக் கழற்றி வச்சுட்டு, தலைவர் ஐயா அனுமதியோட நானும் ரெண்டு தம்பிகளும் ரெயிலுக்குப் பின்னால போர்டை வெட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்ததைச் சொல்றேன், கவனமா படிங்க.

வெளியே ஓடுற சிலைடிங் கதவுக்கு ரெயில் நீளம் கதவு அகலத்தைப் போல ரெண்டு மடங்கு. 3 அடிக் கதவுக்கு 6 அடி ரெயில். கதவு மூடி இருக்கும்போது வாசலுக்கு மேல் பாதியில் தொங்கும். திறந்து இருக்கும்போது மறு பாதிக்குப் போயிடும். நம்ம சுவரில் வாசலுக்கு மேல மட்டும் ஒரு ரெண்டுக்கு ரெண்டு கட்டை இருந்தது. மறு பாதியில், அதாவது கதவு திறந்து நிக்கிற பாதியில், ஒண்ணுமே இல்லை. வெறும் போர்டு. ஸ்க்ரூ போர்டில்தான் இருந்தது, அதுவும் பிளாஸ்டிக் குஞ்சு போட்டு. ஜிப்சம் போர்டு என்றால் ரெண்டு பேப்பருக்கு நடுவுல சுண்ணாம்பு மாதிரி மாவு. படம் மாட்டலாம். 49 கிலோ கதவை மாட்ட முடியுமா?

அன்னதான நேரத்தில் கதவு திறந்துதானே இருக்கும்? அப்போ கூட்டம் அதிகமா இருக்கிற நேரத்தில்தான் முழு எடையும் கட்டை இல்லாத பக்கம் தொங்கிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு தடவை முட்டும்போதும் ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா பெருசாச்சு. ரெயில் அந்தப் பக்கம் இறங்கிச்சு. ஞாபகம் இருக்கா, கதவு தானா திறந்துக்குது, காத்து அடிக்குது, ஏதோ இருக்குது என்று சில பேர் எலுமிச்சம்பழம் வரைக்கும் போனீங்க? காத்தும் இல்லை கருப்பும் இல்லை. ரெயில் சாய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான். ரசமட்டம் வச்சுப் பார்த்தேன், 6 அடியில் அரை அங்குலத்துக்கு மேல இறக்கம்.

இன்னொண்ணும் பார்த்தோம். வாசல் ரெண்டு பக்கமும் நிக்கிற ஸ்டட் ஒத்தைக் கால். அரை மில்லிமீட்டர் தகடு, மைலோ டின்னை விட கொஞ்சம் தடிமன். அது மேல கான்கிரீட் வரைக்கும் கூட போகலை, பிளாஸ்டர் சீலிங்கோட நின்னு போச்சு. சீலிங் என்ன தாங்கும்? கதவு முட்டும்போது சுவரே ஆடுதுன்னு பிள்ளைங்க சொன்னது கற்பனை இல்லை.

இப்போ வந்திருக்கிற கொட்டேஷன் என்ன சொல்லுது? புது ரெயில், பெரிய ரோலர், 1,200 வெள்ளி. அதை மாட்டப் போறது எதில்? அதே போர்டில். வேற ஓட்டை போட்டு. இதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரலை.

முதல் வேலையைச் செஞ்ச கொண்டிராக்டர் யார் என்று இங்க எழுத மாட்டேன், கமெண்டில் நீங்களும் எழுதாதீங்க. ஒரு ஆளைத் திட்டிட்டு மனசு ஆறிடும், அடுத்தவர் வந்து இதையே செய்வார். ஏன்னா அவர்கிட்ட நாம கேட்டது அதுதான். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மலிவு. உள்ளே என்ன வைப்பீங்கன்னு கொட்டேஷனில் ஒரு வரி கூட கேட்கலை. நிர்வாகத்தில் இருந்த பெரியவங்க கிட்ட கேட்டேன், "மூடின பிறகுதான் கூப்பிட்டாங்க" என்றாங்க. நான் பாயான் லெப்பாஸில் முப்பது வருஷமா ஃபேக்டரியில் இருக்கேன். எந்த லைனிலும் கவர் மூடுறதுக்கு முன்னால கியூசி பார்த்துக் கையெழுத்து போடணும். மூடின பிறகு பார்க்கிறதுக்குப் பேர் கியூசி இல்லை, கும்பிடு.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. வீடு கட்டினா வாசக்கால் வைக்கிற அன்னைக்கு என்னெல்லாம் செய்யறோம்! நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வச்சு, நவதானியம் போட்டு, மாவிலை கட்டி, சுமங்கலிகளை நிறுத்தி. ஏன் கதவுக்கு இல்லாம வாசக்காலுக்குச் செய்யறோம்? தாங்குறது அதுதான் என்று நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெரியும். கதவு எப்ப வேணும்னாலும் மாத்தலாம். நிலை தப்பா நின்னா சுவரையே உடைக்கணும். முன்வாசலுக்கு இருக்கிற மரியாதையில் பத்தில் ஒரு பங்கு உள் வாசலுக்குக் கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

ஜப்பான்காரனைப் பாருங்க. எங்க பழைய மேனேஜர் வீட்டுப் படம் காட்டுவார். வீடு முழுக்க சிலைடிங் கதவுதான், நூத்துக்கணக்கான வருஷமா. மேலேயும் கீழேயும் மரத்தில் காடி வெட்டி அதில் கதவு ஓடும். மேல் காடி ஆழம், கீழ் காடி ஆழம் கம்மி, அதனால கதவைத் தூக்கினா கழண்டு வரும், சுத்தம் பண்ணிட்டு திரும்ப மாட்டலாம். ஆனா அவன் கதவு மெல்லிசு மரச்சட்டத்தில் பேப்பர் ஒட்டினது. ரெண்டு விரலால் நகரும். அவ்வளவு லேசான கதவுக்கே அவன் மேல ஒழுங்கான மரம் வைக்கிறான். நாம கண்ணாடியைத் தொங்க விட்டுட்டு மேல மாவு வச்சிருக்கோம்.

சரி, ஒழுங்கா செய்யறது எப்படி? தச்சு வேலை தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட உட்கார்ந்து பேசினேன், அவங்க சொன்னதும் நான் படிச்சதும் ஒத்துப் போகுது. முதல்ல கதவை முடிவு பண்ணணும், அதோட ரெயிலை வாங்கிக் கையில் வச்சுக்கணும். அதை அளந்துதான் சுவரில் சட்டம் அடிக்கணும். நாம செஞ்சது தலைகீழ், சுவர் முடிஞ்சு நாலு மாசம் கழிச்சுத்தான் கதவே வந்தது. அப்புறம், ரெயில் நீளம் முழுக்க ஒரே துண்டா ஒரு மேல்கட்டை. ரெண்டுக்கு ஆறு மெராந்தி, நல்லா காய்ஞ்சது, மருந்து அடிச்சது. வாசலுக்கு மேல மட்டும் இல்லை, கதவு போய் நிக்கிற இடத்துக்கும் மேல. ரெயிலோட ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த மரத்தில் இறங்கணும். வாசல் ரெண்டு பக்கமும், ரெயில் முடியற இடத்திலும் இரட்டைக் கால், உள்ளே மரம் செருகினது. அந்தக் கால்கள் கீழே கான்கிரீட்டிலேர்ந்து மேலே கான்கிரீட் வரைக்கும் போய் போல்ட்டில் நிக்கணும். அந்தப் பகுதியில் ஸ்டட் இடைவெளி 600 மில்லிமீட்டர் வேண்டாம், 400. கால் செங்குத்தா இருக்கான்னு தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கணும், ரெயில் மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பார்க்கணும். நம்ம மண்டபத்துத் தரை மட்டம் இல்லை, தண்ணி ஓடுறதுக்காக ஒரு பக்கம் சரிவு. தரையை நம்பி அளந்தா ரெயில் கோணலாத்தான் வரும்.

கதவு கடைசியில் முட்டுற தடுப்பும் அந்த மரத்தில்தான் ஏறணும். கதவு மேல் விளிம்பில் ஒரு சின்ன வட்டத் தகடு வைப்பாங்க, கதவு ரெயிலை விட்டு எகிறாம அது தடுக்கும். கடையில் பெட்டியோடவே வருது. நம்ம கதவில் அது இல்லை. பெட்டியிலேயே இருந்ததா, யாராவது எடுத்துப் போட்டாங்களா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கையகலம் கூட இல்லாத தகடு, ஒரு அம்மா மூணு மாசம் கட்டுப் போட்டுட்டு நடந்தாங்க.

"தரையில் ரெயில் போட்டா எடை கீழே போயிடும்ல?" என்று ஒரு தம்பி நல்ல கேள்விதான் கேட்டார். போகும். வீட்டுக்கு அது சரிப்படலாம். ஆனா கோவில் மண்டபத்துத் தரை ரெயிலில் என்ன விழும்? சோத்துப் பருக்கை, விபூதி, குங்குமம், பூ இதழ், ஊதுவத்திக் குச்சி. ஒரே மாசத்தில் அடைச்சுக்கும். எல்லாரும் வெறுங்காலில் நடக்கிற இடத்தில் ஒரு அங்குல உயரத்தில் அலுமினியம் விளிம்பு வேற. சக்கர நாற்காலி முன் சக்கரம் அதில் மாட்டும். வேண்டாம்.

"சுவருக்குள்ள போய் மறையற கதவு போடலாம், பார்க்க அழகா இருக்கும்" என்று இன்னொரு யோசனை. ஹோட்டலில் பார்த்திருப்பீங்க. அதுக்கு சட்டத்தில் விடுற இடைவெளி கதவு அகலத்தைப் போல ரெண்டு மடங்கும் மேல ஒரு அங்குலமும் வேணும். 3 அடிக் கதவுக்கு 73 அங்குலம். அதில் பாதி சுவர் உள்ளே வெத்தா இருக்கும். அந்தப் பக்கம் வயர் ஓட முடியாது, சுவிட்ச் வைக்க முடியாது, வயசானவங்களுக்குப் பிடிகம்பி அடிக்க முடியாது. ஒரு நீள ஸ்க்ரூ தப்பிப் போனா கதவைக் கீறும். ரோலர் கெட்டா சுவரை உடைக்கணும். நம்ம ஊர் பல்லிக்கும் கரப்பானுக்கும் நாம காசு போட்டு மாளிகை கட்டின மாதிரி. வீட்டில் கழிவறைக்கு இதைப் போட நினைக்கிறவங்களும் யோசிங்க. அப்பா அம்மா பிடிச்சு எழுந்திரிக்க கம்பி வேணும் என்று ஒரு நாள் தெரியும்போது, கம்பி அடிக்க சுவர் இருக்காது. ஃபிளாட்டில் இருக்கிற சுவரை இடிச்சுச் செய்யறதா இருந்தா முதல்ல நிர்வாக ஆபீஸில் கேளுங்க. சில ஃபிளாட்டில் உள் சுவரே கட்டிடத்தைத் தாங்குற சுவர். அது கூட்டாளி மேல இடிஞ்சு விழற விஷயம், சும்மா தொடக் கூடாது.

அகலத்துக்கு வரேன், எனக்கு ரொம்பக் கோபம் வர்றது இதில்தான்.

நம்ம வாசல் சட்டத்துக்குச் சட்டம் 32 அங்குலம். கதவை முழுசா திறந்தாலும் கைப்பிடி இடிக்கும், 3 அங்குலம் வாசலிலேயே நிக்கும். மிச்சம் 29. சாதாரண சக்கர நாற்காலி வெளி அகலம் 25, 26 அங்குலம். தள்ளுறவங்க நேரா வந்தா போகலாம். நாற்காலியில் உட்கார்ந்து தானே சக்கரத்தை உருட்டுறவங்க முட்டி தேயும். அதான் நம்ம மண்டபத்தில் அந்த ஐயா எப்பவும் கதவுக்கு இந்தப் பக்கமே தட்டை மடியில் வச்சுச் சாப்பிடுறார். "அவருக்கு அங்கதான் பிடிக்கும்" என்று யாரோ சொன்னாங்க. பிடிக்குமா? கேட்டீங்களா? நான் கேட்டேன். கை தோல் உரியுது, பிள்ளைங்க முன்னால சிக்கி நிக்க வெட்கமா இருக்கு என்றார். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கேட்கிறது கதவு திறந்த பிறகு மிச்சம் 32 அங்குலம். நம்ம நாட்டிலும் எம்எஸ் 1184 என்று இதுக்குத் தரநிலை இருக்கு, 1984 கட்டிட விதிகளில் 34ஏ இருக்கு, 2008-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டமே வந்தாச்சு. ஓகேயூ கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு நாம ஆண்டுக்கு ஒரு தடவை பொன்னாடை போர்த்தி போட்டோ எடுக்கிறோம். அந்த மூணு அங்குலத்தைக் கொடுங்களேன்.

வாசலை 36 அங்குலமா விடணும், கதவு 40 அங்குலம், ரெண்டு பக்கமும் 2 அங்குலம் சுவரை மூடணும். ரெயில் இன்னும் நீளமாகும். கைப்பிடி இடிக்காம முழுசா திறக்கிற மாதிரி தடுப்பை வைக்கணும். இது எல்லாம் சட்டம் அடிக்கிற நேரத்தில் செஞ்சா ஒரு கோடு தள்ளிப் போடுற வேலை. மூடின பிறகு செஞ்சா இன்னொரு சுவர். இப்போ எப்படியும் பிரிக்கிறோமே, இதை விட்டா எப்போ?

அடுத்தது பிள்ளைங்க. இதைப் படிக்காம யாரும் ஓட்டுப் போடாதீங்க.

சுவர் வர்றதுக்கு முன்னால இந்த ஹாலில் இருந்து வெளியே போக ரெண்டு வழி. முன் வாசல், மடப்பள்ளிப் பக்கம் பின் வாசல். இப்போ வகுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு முன் வாசல் மட்டும்தான் நேர் வழி. பின் வாசலுக்கு இந்த சிலைடிங் கதவைத் தாண்டணும். கதவு சிக்கினா ஒரே வழி. சாமி கும்பிடுற இடம், விளக்கு, கற்பூரம், மடப்பள்ளியில் கேஸ்.

2017 செப்டம்பர் 14 விடியற்காலை, கோலாலம்பூர் டத்தோ கிராமட்டில் தஃபிஸ் சமயப்பள்ளி விடுதியில் தீ. 23 பேர் இறந்தாங்க, 21 பேர் பிள்ளைங்க. தீ வச்சது வேற பிள்ளைங்க என்று கேஸ் போச்சு, அது தனி விஷயம். ஆனா அந்த மாடிக்கு பிளானில் ரெண்டு படிக்கட்டு. நடுவுல பிற்பாடு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிட்டாங்க, ரெண்டாவது படிக்கட்டுக்குப் போக வழி இல்லாம போச்சு என்று மறுநாளே அமைச்சர் தரப்பில் சொன்னாங்க. அந்தச் சுவரை எழுப்பினவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அவங்களும் "உள் சுவர்தானே" என்றுதான் நினைச்சிருப்பாங்க. எந்த மதத்துப் பிள்ளையா இருந்தா என்ன, அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நம்ம கோவிலிலும் மோட்ச விளக்கு ஏத்தினோம். ஏத்திட்டு, நம்ம ஹாலில் அதே மாதிரி ஒரு சுவர் எழுப்பியிருக்கோம்.

சிலைடிங் கதவு தப்பிச்சு ஓடுற வழிக்கு ஆகாது. பயந்த கூட்டம் முன்னால தள்ளும், பக்கவாட்டில் இழுக்காது. 1942-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு கிளப்பில் தீப்பிடிச்சு 492 பேர் செத்தாங்க. முன் வாசலில் இருந்தது சுத்துற கதவு. ரெண்டு பக்கமும் ஜனங்க தள்ளினதில் கதவு சிக்கி நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் அந்த மாதிரி கதவுக்குப் பக்கத்திலேயே வெளிப்பக்கம் திறக்கிற சாதாரணக் கதவு இருக்கணும் என்று அங்கே கட்டாயமாச்சு. நமக்கும் அதுதான் வேணும். வகுப்புப் பக்கம் சந்துக்குப் போற மாதிரி வெளியே தள்ளித் திறக்கிற கதவு ஒண்ணு, உள்ளிருந்து சாவி இல்லாம திறக்கிற மாதிரி. பொம்பாக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம். கூப்பிட்டா சம்மன் போடுவாங்கன்னு பயப்படுறவங்க, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு உங்க பேரப்பிள்ளையை அனுப்புறீங்களா இல்லையா சொல்லுங்க.

தண்ணியைப் பத்தி சுருக்கமா. 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தை சுங்கை பினாங்கில் இருந்தவங்க மறக்க மாட்டீங்க. ஜிப்சம் போர்டு தண்ணியைக் குடிச்சு உப்பும், பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளத்தை விடுங்க, வாரா வாரம் அன்னதானம் முடிஞ்சதும் நாமளே ஹோஸ் பிடிச்சுத் தரையைக் கழுவுறோமே. கீழே வெட்டிப் பார்த்தப்போ போர்டு அடி மிதிச்ச தோசை மாதிரி இருந்தது, உள்ளே கறையான் கோடு. கீழ் ஒரு அடிக்கு சிமெண்ட் போர்டு போடுங்க, தரையில் படாம அரை அங்குலம் தூக்கி, இடைவெளியை சிலிகான் வச்சு அடைங்க. கீழே படுக்கிற சட்டம் மரம் வேண்டாம், துரு பிடிக்காத தகடு.

பணம். முழு வேலைக்கும் நான் வாங்கி வந்த கொட்டேஷன் 4,600 வெள்ளி, பின் கதவு சேர்க்காம. பொருளாளர் ஐயா கவலை எனக்குப் புரியுது. கும்பாபிஷேக நிதி தனி, அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனா ஒண்ணு கேட்கிறேன். போன வருஷம் விமானத்துக்கு பெயிண்ட் அடிக்க ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. மின்விசிறிக்கு உபயம், நாற்காலிக்கு உபயம், தண்ணி மிஷினுக்கு உபயம், எல்லாத்திலும் பேர் இருக்கு. ரெண்டுக்கு ஆறு மெராந்தி கட்டைக்கு உபயம் கேட்டா ஆள் இல்லை. ஏன்னா அதில் பேர் எழுதினா யார் பார்க்கப் போறா, போர்டு மூடிடுமே. நான் ஒண்ணு சொல்றேன், எழுதுங்க. மார்க்கர் எடுத்து கட்டை மேலேயே உங்க அப்பா அம்மா பேரை எழுதி, குங்குமம் வச்சு மூடுவோம். அம்மாளுக்குத் தெரியாதா?

கண்ணாடிக் கதவு உபயம் கொடுத்த குடும்பத்து மேல எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, நல்ல மனசோட கொடுத்தாங்க. அவங்க பெரிய மகன்கிட்ட நேரா போய்ப் பேசினேன். பேர் பொறிச்ச கண்ணாடியை சுவரில் ஜன்னல் மாதிரி நிலையா பதிச்சுடலாம், கதவுக்கு எடை குறைஞ்ச மரம் போடலாம் என்றேன். கண்ணாடியைப் பதிக்கிற இடத்திலும் சட்டம் அடிக்கணும், அதையும் இப்பவே சேர்த்துக்கலாம். அவர் ஒத்துக்கிட்டார். "அந்த அம்மா கால்ல விழுந்ததிலிருந்து எங்கம்மா கோவிலுக்கு வரவே கூச்சப்படுறாங்க அங்கிள்" என்றார். அதனால "உபயக்காரங்க மனசு கஷ்டப்படும்" என்று இனிமே யாரும் அவங்களைச் சாக்கா சொல்ல வேண்டாம்.

கோத்தோங் ரோயோங் போட்டு நாமளே அடிச்சுடலாம் என்று இளைஞர் பிரிவு தம்பிங்க துடிக்கிறாங்க. பிரிக்கிறது, தூக்குறது, குப்பை அள்ளுறது, பெயிண்ட் அடிக்கிறது நாம செய்வோம், அதில் ஆயிரம் வெள்ளி மிச்சமாகும். சட்டமும் ரெயிலும் சிஐடிபி கார்டு வச்சிருக்கிற ஆள் செய்யட்டும். யூடியூப் பார்த்து 49 கிலோவைத் தொங்க விடாதீங்க கண்ணுங்களா.

கூட்டத்தில் நான் வைக்கப் போற தீர்மானம்: 1,200 வெள்ளி கொட்டேஷனை நிராகரிக்கணும். புது கொட்டேஷனில் மேல்கட்டை நீளம், இரட்டைக் கால், கான்கிரீட்டில் போல்ட், வாசல் அகலம் 36 எல்லாம் எழுத்தில் வரணும். சட்டம் முடிஞ்சதும் மூணு நாள் போர்டு போடாம திறந்து வைக்கணும், யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம், போட்டோ எடுத்து ஃபைலில் வைக்கணும். பாதிப் பணம் அதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வாசலில் துணித் திரை போதும், கதவு வேண்டாம். எதிர்த்துப் பேசுறவங்க தாராளமா பேசுங்க, ஆனா பேசுறதுக்கு முன்னால ஒரு தடவை போய்ப் பாருங்க.

கூட்டம் ஞாயிறு காலை 10 மணி. நான் 8 மணிக்கே இருப்பேன். வெட்டின இடத்தில் நீலக் கேன்வாஸ் தொங்குது, தூக்கிப் பாருங்க. கைப்பேசி டார்ச் அடிங்க, அந்த மூலையில் லைட் இல்லை. வீட்டில் அளவு டேப் இருந்தா எடுத்துட்டு வாங்க, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.